படிக்கப் போன இடத்தில் விளையாட்டு எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் மலையகப் பிள்ளைகளும் இங்கே வந்து படிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் புதிய இடத்தில் உடலையும் மனத்தையும் எப்படிப் பேணிக்கொள்வது என்று கேட்டு வந்த கடிதங்களுள் ஐந்துக்கு இம்முறை பதில் தருகிறோம். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களை விட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

கேள்வி: என் மகன் செப்டெம்பரில் முதுமாணிப் படிப்புக்காக இங்கிலாந்து போனான். பாடசாலையில் கரப்பந்தாட்ட அணியில் இருந்தவன். இப்போது வாட்ஸ்அப்பில் எப்போது பார்த்தாலும் கட்டிலிலேயே இருக்கிறான். உடம்பு பெருத்துவிட்டது, பகலில் தூங்குகிறான், வெளியே போவதில்லை. கேட்டால் "ஒன்றுமில்லை அம்மா, குளிர்" என்கிறான். காலையில் தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன் ஆறு மணிக்கு நாள் தவறாமல் அவனோடு பேசிவிடுவேன். இங்கிருந்து நான் என்ன செய்யலாம்? – ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: அம்மா, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தக் காலை ஆறு மணியிலிருந்தே தொடங்குகிறேன். ஒக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்தின் நேரம் நம்முடையதைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கியிருக்கும். நீங்கள் அழைக்கும்போது அங்கே நள்ளிரவு தாண்டி 12.30. அம்மா அழைப்பார் என்று மகன் விழித்திருக்கிறார். பேசி முடித்தபின் வீட்டு நினைவில் உறக்கம் பிடிக்க மேலும் நேரமாகும். விடிந்து எழும்போது குளிர்காலப் பகலில் பாதி போயிருக்கும். அவர் பகலில் தூங்குவதற்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொகவந்தலாவையில் இருந்தபடியே நீங்கள் மாற்றக்கூடியது இதுதான்.

வேலை முடிந்து வந்து, மாலை ஆறு மணிக்கு அழைத்துப் பாருங்கள். அப்போது அங்கே பகல் 12.30, வெளிச்சம் இருக்கும் நேரம். "வெளியே இறங்கி நடந்துகொண்டே பேசு, நீ இருக்கிற ஊரை எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். அம்மா ஊர் பார்க்க ஆசைப்படுகிறார் என்றால் எந்தப் பிள்ளையும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கிவிடும். அரை மணி நேரப் பேச்சு அரை மணி நேர நடையாகிவிடும். வாரத்தில் ஐந்து நாள் அப்படி நடந்தால், உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் வளர்ந்தோருக்குச் சொல்லும் 150 முதல் 300 நிமிட வாராந்த உடலசைவின் கீழெல்லையை எட்டிவிடலாம். அந்தக் கணக்கு மிதமான வேகத்துக்கு உரியது. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்க வேண்டும். அம்மாவோடு கதைத்துக்கொண்டு நடப்பவர் அந்த வேகத்தை எட்டமாட்டார்தான். இருந்தாலும், கொஞ்சமாவது அசைவது சும்மா இருப்பதைவிட நல்லது என்பதையும் அதே வழிகாட்டல் தெளிவாகச் சொல்கிறது.

ஊரில் இருந்தவரை அவர் உடற்பயிற்சி என்று தனியாக எதையும் செய்திருக்கமாட்டார். லயத்திலிருந்து பாதைக்கு ஏறுவதும், பஸ் வராத நாளில் நடப்பதும், தண்ணீர் தூக்குவதும், பாடசாலை விட்டபின் பந்தடிப்பதும் வாழ்க்கையோடு ஒட்டி வந்தவை. அங்கே அறைக்கு மேலேறிப் போக மின்தூக்கி இருக்கிறது, விரிவுரை மண்டபத்து வாசலில் பஸ் நிற்கிறது, சாப்பாடு கைபேசியில் கேட்டால் கதவுக்கு வருகிறது. உடலசைவு தானாக வராத ஓர் இடத்துக்கு அவர் போயிருக்கிறார். அதைத் தேடிப் போகவேண்டுமானால் இடம் தெரிய வேண்டும், ஆள் தெரிய வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், கூச்சத்தையும் விட வேண்டும். இதைச் சோம்பல் என்று நினைத்துக் கண்டிக்காதீர்கள்.

"ஐந்தாறு மாதத்தில் எல்லாம் பழகிவிடும்" என்று பலர் உங்களுக்கு ஆறுதல் சொல்லியிருப்பார்கள். இந்த நம்பிக்கைக்குப் பின்னால் பழைய ஆய்வொன்று இருக்கிறது. ஃபுல்பிரைட் புலமைப்பரிசிலில் அமெரிக்கா சென்று திரும்பிய 200 வரையிலான நோர்வீஜியர்களிடம் கேட்டறிந்த லிஸ்கோர் என்பவர், ஆறு மாதத்துக்குக் குறைவாகவோ பதினெட்டு மாதத்துக்கு மேலாகவோ அங்கே தங்கியவர்களைவிட, இடைப்பட்ட காலம் தங்கியவர்களே கூடுதலாகச் சிரமப்பட்டதாக 1955இல் எழுதினார். முதலில் தேனிலவு, பிறகு சரிவு, அதன்பின் மீட்சி என்ற கதை அதையொட்டிப் பரவியது. 1960இல் மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் பண்பாட்டு அதிர்ச்சியைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் அத்தகைய படிகள் உண்டு. பின்னாளில் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் பலவற்றில் இந்த ஒழுங்கு தென்படவில்லை. பலருக்கு முதல் வாரங்களே மிகக் கடினமானவையாக இருந்தன. தேனிலவு என்று ஒன்று வரவேயில்லை. எனவே மாதங்களை எண்ணிக் காத்திருப்பதில் பயனில்லை.

மகன் கரப்பந்தாட்டக்காரர் என்பது பெரிய வசதி. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டுக் கழகங்கள் கல்வியாண்டின் தொடக்கத்தில் மேசை போட்டு ஆள் சேர்க்கும். அதைத் தவறவிட்டவர்களுக்கு ஜனவரியில் மறுபடியும் வாய்ப்புத் தரும் இடங்கள் பல உள்ளன. போட்டிக்குப் போகும் அணியில் இடம் கிடைக்காவிட்டாலும், பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கென்று வேறு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். அதுவும் கைகூடாவிட்டால் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூங்காக்களில் நடக்கும் பார்க்ரன் இருக்கிறது. 2004இல் லண்டன் புஷி பூங்காவில் தொடங்கிய இந்த 5 கிலோமீற்றர் ஓட்டத்துக்குக் கட்டணம் இல்லை. இணையத்தில் ஒருமுறை பதிந்து, கிடைக்கும் பட்டைக்குறியீட்டை (பார்கோட்) கொண்டுபோனால் போதும். ஓட வேண்டும் என்றுகூட இல்லை, நடக்கலாம். எல்லோருக்கும் கடைசியில் நடந்து வருவதற்கென்றே ஒரு தொண்டரை நிறுத்தியிருப்பார்கள் என்பதால் வேறு யாரும் கடைசியாக வரவே முடியாது. கூச்சக்காரருக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் அறியேன். ஓட மனமில்லாத வாரத்தில் அவரே தொண்டராக நின்று பட்டைக்குறியீடுகளை ஸ்கான் செய்து கொடுக்கலாம். வந்து நிற்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தையாவது பேச வேண்டி வரும்.

உடம்பைப் பற்றி அதிகம் சொல்லிக் காட்டாதீர்கள். தெற்காசியருக்குக் குறைந்த பருமனிலேயே நீரிழிவு வரும் என்பதால், உடற்பருமச் சுட்டெண் (பி.எம்.ஐ.) 23ஐத் தாண்டும்போதே நாம் கவனிக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதை வைத்தியர் சொல்லட்டும். உறக்கக் குழப்பமும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, வகுப்புக்கும் போகாமல், சாப்பாட்டையும் விடுகிறார் என்றால், அது நடையால் மட்டும் தீரும் விஷயமல்ல. பல்கலைக்கழக உளவள ஆலோசகரையோ, தான் பதிவு செய்துள்ள வைத்தியரையோ பார்க்கச் சொல்லுங்கள். விசாவுக்கு விண்ணப்பித்தபோதே சுகாதார சேவைக்கான கட்டணத்தையும் சேர்த்துக் கட்டியிருப்பார். வைத்தியரைப் பார்க்க மறுபடி பணம் கேட்கமாட்டார்கள். செலவுக்குப் பயந்து பல பிள்ளைகள் போகாமலே இருந்துவிடுகிறார்கள்.

கேள்வி: பெப்ரவரியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கொழும்புப் பிள்ளைகள் குளிரைக் குறை சொல்லலாம். மலைநாட்டுப் பிள்ளைகளும் குளிர் என்று அறைக்குள் முடங்குவது சாக்குப்போக்குத்தானே? – நுவரெலியா வாசகர்

பதில்: குளிர் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் இருட்டைத்தான். 1,868 மீற்றர் உயரத்திலிருந்தாலும் நுவரெலியா நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே அங்கே ஒரு மணித்தியால வேறுபாடுகூட இல்லை. வட இங்கிலாந்தில் டிசெம்பரில் பகல் ஏழரை மணித்தியாலம்தான். மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். காலை வகுப்புக்கு இருட்டில் போய் இருட்டில் திரும்பும் பிள்ளைக்கு, பந்தும் மட்டையும் எடுத்து வெளியே போகும் நேரமென்று உடம்பு பழகிவைத்திருந்த பின்னேரப் பொழுதே இல்லாமல் போகிறது. கருமையான தோலுக்கு அந்தக் குறைந்த வெயில் போதாது என்பதால், தெற்காசியர் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுப்பதைக் கருதவேண்டும் என்று இங்கிலாந்துச் சுகாதார சேவை சொல்கிறது. மற்றபடி, நுவரெலியாவில் போட்ட கம்பளிச் சுவெட்டர் அந்த ஊர்க் காற்றை மறைக்காது. காற்றும் மழையும் புகாத மேலங்கி ஒன்றை அங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது.

கேள்வி: சொந்தமாக ஒரு துண்டு நிலமில்லாத எங்கள் மக்கள் நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளைகள் படிப்போடு வாரம் 20 மணித்தியாலம் பொதிக் களஞ்சியங்களில் நின்றபடி வேலை செய்கிறார்கள். அதுவே உடற்பயிற்சிதானே? விளையாட்டு வசதி படைத்தவர்களுக்கு உரியது. கடன் அடையும்வரை அது தேவையா? – ஓய்வுபெற்ற அதிபர், தலவாக்கலை

பதில்: ஐயா, உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தொழிலில் செய்யும் உடலுழைப்பும் அடங்கும். களஞ்சியத்தில் ஒரு முறைவேலை முழுவதும் நடப்பவர் அந்த நிமிடங்களைத் தாண்டித்தான் இருப்பார். ஆனால் தொழிலில் அசைவதும் ஓய்வில் அசைவதும் உடலுக்கு ஒரே பயனைத் தருவதில்லை என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓய்வுநேர உடற்பயிற்சி இதயத்துக்குத் தரும் நன்மை, பாரம் தூக்கும் தொழிலில் அதே அளவில் தெரிவதில்லை. வேலையில் எப்போது நிறுத்துவது, எவ்வளவு தூக்குவது, எந்த வேகத்தில் போவது என்பவற்றைத் தீர்மானிப்பவர் வேறொருவர். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருகிறது. களைத்த உடல் தேறுமுன் அடுத்த முறைவேலை வந்துவிடுகிறது.

இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நம் அம்மாமார் ஆயுள் முழுவதும் செங்குத்து மலையில் ஏறி இறங்கி, தலையில் மாட்டிய கொழுந்துப் பையோடு நாள் முழுவதும் நின்றவர்கள். உடலசைவு மட்டுமே ஆரோக்கியம் தருமென்றால் இந்த நாட்டிலேயே அவர்கள்தான் மிகத் திடமாக இருந்திருக்க வேண்டும். ஐம்பது வயதில் அவர்களுடைய முழங்காலும் இடுப்பும் என்ன நிலையில் இருந்தன என்பதைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்த நீங்கள் நேரிலேயே பார்த்திருப்பீர்கள்.

களஞ்சிய வேலையில் இன்னொன்றும் இல்லை: பேச்சு. மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும் பெண்கள் கதைத்துக்கொண்டே பறிப்பார்கள். களஞ்சியத்திலோ கங்காணியின் இடத்தில் ஒரு கருவி கையில் இருக்கிறது. அடுத்த பொதி எந்தத் தட்டில் இருக்கிறது என்று அது காட்டுகிறது, மணித்தியாலத்துக்கு எத்தனை எடுத்தார் என்று எண்ணுகிறது. ஓர் இரவு முழுவதும் யாரோடும் நாலு வார்த்தை பேசாமல் திரும்பி வரலாம். புதிய நாட்டில் காலூன்ற ஒரு மாணவருக்கு வேண்டியது, குறித்த நாளில் குறித்த இடத்தில் "ஏன் போன வாரம் வரவில்லை?" என்று கேட்கும் சிலர். மைதானம் அதைத் தருகிறது. புதிய பண்பாட்டுக்குப் பழகிக்கொள்ள உடலசைவு உதவுகிறது என்று சொல்லும்போது, தசையைவிட இந்தக் கேள்வியைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

ஆய்வுகளைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுறுசுறுப்பாக இருக்கும் வெளிநாட்டு மாணவர்களிடம் மன அழுத்தம் குறைவு என்று காட்டும் ஆய்வுகளுள் பல, ஒரே வேளையில் வினாக்கொத்துக் கொடுத்துத் திரட்டியவை. மனம் தெளிவாக இருப்பதால் விளையாடப் போகிறார்களா, விளையாடப் போவதால் மனம் தெளிகிறதா என்பதை அவற்றைக் கொண்டு பிரித்தறிய முடியாது. இரண்டு பக்கமும் நடக்கிறது என்றே நினைக்கிறேன்.

நீங்கள் எழுதியிருக்கும் கடனைப் பற்றி ஒரு சொல். வெளிநாட்டு மாணவர்களின் மனச்சுமையை அளக்க சந்து, அஸ்ரபாடி ஆகிய இருவரும் 1994இல் 36 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை அமைத்தார்கள். வீட்டு ஏக்கம், பாகுபாடு, அச்சம் ஆகியவற்றோடு குற்றவுணர்வையும் அவர்கள் அதில் தனிக் கூறாக வைத்தார்கள். அம்மா மலையில் நனைந்துகொண்டிருக்கும்போது நான் இங்கே பந்தடிப்பதா என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் நிறையவே இருக்கிறது; உறுப்பினர் கட்டணத்தைப் பார்த்ததும் அதை ரூபாவாக மாற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கணக்கை அவர்களுக்கு முன்பே நாம் இங்கிருந்து போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். வாரத்தில் ஒரு மாலை விளையாடு, அதற்கு ஆகும் செலவுக்குக் கணக்குக் கேட்கமாட்டோம் என்று பெற்றோர் வாய்விட்டுச் சொல்லாதவரை பல பிள்ளைகள் போகமாட்டார்கள். நீங்கள் சொன்னால் தலவாக்கலையில் பெற்றோர் கேட்பார்கள், ஐயா.

கேள்வி: அடுத்த பெப்ரவரியில் மெல்பேர்ணில் படிக்கப் போகிறேன். சாதாரண தரம் வரை வலைப்பந்தாட்ட அணியில் விளையாடினேன். உயர்தரத்தில் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அங்கே ஜிம்முக்குப் போகும்படி அண்ணா சொல்கிறார். ஆண்கள் மத்தியில் உடற்பயிற்சி செய்ய எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் சேர்ந்து விளையாடினால் போதாதா? – மாணவி, பசறை

பதில்: தங்கை, ஜிம்மை விடுங்கள், நீங்கள் போவது வலைப்பந்தாட்டத்தின் தலைநாடுகளுள் ஒன்றுக்கு. அவுஸ்திரேலியாவில் பெண்கள் மிகப் பெருமளவில் ஆடும் அணி விளையாட்டு அது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் அங்கே கழகங்களுக்கு விளையாடியவர். 2019 உலகக்கிண்ணத்தில் அதிக கோல்களைப் போட்டவரும் அவரே. பசறையில் ஆடிய அதே ஏழு பேர், மார்பில் அதே எழுத்துகள், பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற அதே விதி. அவர்களுடைய ஆங்கிலம் காதில் பிடிபட நாளாகலாம், ஆனால் 'ஜீ.டி.' (கோல் டிஃபென்ஸ்) மேலங்கியைத் தந்ததும் எங்கே நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆட்டத்தை விட்டுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டதால் முதல் மாதத்தில் கணுக்காலையும் முழங்காலையும் பார்த்துக்கொள்ளுங்கள். வலைப்பந்தாட்டத்தில் ஓடி வந்து சட்டென்று நிற்கும்போதுதான் அடிபடும். அரைப்பாவாடை போட மனமில்லாவிட்டால் உள்ளே நீளக் காற்சட்டை அணியலாமா என்று கழகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, அப்படி ஆடுபவர்கள் அங்கே இருக்கிறார்கள். பெண்களுக்கு மட்டுமான நேரம் ஒதுக்கும் உடற்பயிற்சி நிலையங்களும் உண்டு.

தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடுவதை விடச் சொல்லமாட்டேன். கனடிய உளவியலாளர் ஜோன் பெரி, புதிய நாட்டுக்குப் போனவர்களை நாலு வகையாகப் பார்த்தார்: தன்னுடையதைக் காத்துப் புதியதையும் ஏற்பவர், தன்னுடையதை விட்டுப் புதியதில் கரைபவர், தன்னுடையதோடு ஒதுங்குபவர், இரண்டையும் இழந்து நிற்பவர். முதல் வகையினரே பொதுவாக நன்றாக இருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. ஞாயிறு நம்மவரோடு, நடுவாரத்தில் ஒரு நாள் பல்கலைக்கழகக் கழகத்தில் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும். மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம் என்பதால், அதை நிரப்பும் ஆசையில் அந்த நடுவார நாளைத்தான் முதலில் பறிகொடுப்பார்கள். வேலை நேரத்தை ஒப்புக்கொள்ளுமுன்னரே அதை ஒதுக்கிவிடுங்கள்.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அருவியும் ஆறும் பார்த்து வளர்ந்தாலும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நீந்தத் தெரியாது. நண்பர்கள் கடற்கரைக்கு அழைக்கும்போது மறுப்பதற்கும் கூச்சம். சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் நட்டிருக்கும் கடற்கரைக்கு மட்டும் போங்கள். அந்த இரு கொடிகளுக்கு இடையில் மட்டும், அதுவும் இடுப்பளவுக்கு மேற்படாத நீரில் நில்லுங்கள். உயிர்காப்பாளர்கள் கவனிப்பது அந்த இடத்தைத்தான். வளர்ந்தவர்களுக்கான நீச்சல் வகுப்பு உள்ளூர்த் தடாகங்களில் நடக்கும். முதலாண்டிலேயே சேர்ந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு மேல்மாடியில் மாலைதீவிலிருந்து வந்து படிக்கும் இரண்டு மாணவிகள் வாடகைக்கு இருக்கிறார்கள். வகுப்பு முடிந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். எங்கள் தெரு மேட்டில் ஏறிவரவே மூச்சு வாங்குகிறார்கள். அவர்களை எப்படி வெளியே அழைத்துப் போகலாம்? – இல்லத்தரசி, கண்டி

பதில்: அவர்கள் கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரத்துக்குமேல் மேடே இல்லாத தீவுகளிலிருந்து வந்தவர்கள். நமக்குச் சாதாரணமான தெரு அவர்களுக்கு மலையேற்றம். எனவே சிவனொளிபாதமலைக் கதையை இப்போதைக்கு எடுக்காதீர்கள். ஏறத்தாழ 3 கிலோமீற்றர் சமதரையான கண்டி வாவிச் சுற்றுப்பாதையிலிருந்து தொடங்குங்கள். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் 147 ஏக்கரிலும் ஏற்றமில்லாமல் நடக்க நிறைய வழியுண்டு. உடவத்தகெலைக் காட்டுக்குப் போவதானால் மழை விட்ட மறுநாள் வேண்டாம், அட்டை ஏறும். அட்டையையே கண்டிராத பிள்ளைகள் அதற்குப்பின் உங்களோடு எங்குமே வரமாட்டார்கள்.

அவர்களுக்கு என்ன விளையாடத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். மாலைதீவுப் பெண்கள் டெனிஸ் மட்டையையும் பந்தையும் கொண்டு பாஷி என்றோர் ஆட்டம் ஆடுவார்கள். பந்தை அடிப்பவர் எதிரணிக்கு முதுகு காட்டி நின்று பின்புறமாக அடிப்பார். உங்கள் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொள்ள முன்வந்தால், அறைக் கதவைத் தட்ட உங்களுக்கொரு காரணம் கிடைக்கும். தொழுகை நேரத்தையும் நோன்பு மாதத்தையும் கேட்டறிந்து அதற்கேற்ப நேரம் வையுங்கள். மாலையில் நடக்கப் போனால் இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். தெருநாய்களுக்குப் புதியவர்களைப் பிடிக்காது.